கடிவாளம் கடிக்கலாமா?

கோடை விடுமுறை. கொடைக்கானல் ஏரிக்கரையில் மாலை நேரம். சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே நடந்து வருகிறது. எதிரே வரிசையாகக் குதிரைகள். அவ்வளவுதான்! சின்னவன் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கத் தொடங்கிவிடுகிறான். அப்பா குதிரைக்காரரோடு பேரம் பேசுகிறார். அம்மா குதிரையின் முகத்தைப் பார்க்கிறாள்.

நெற்றியில் சிவப்புக் குஞ்சம், கழுத்தில் மணி, கன்னத்தில் பளபளவென்று பித்தளைப் பூ. கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவான்! ஆனால் வாயோரத்தில், இரும்பு வளையம் உரசுகிற இடத்தில், காசளவுக்கு ஒரு புண்.

"ஏன் அண்ணே, வாயிலே புண்ணா இருக்கே?"

"அது ஒண்ணுமில்லீங்கம்மா. கடிவாளம் உரசினது. பழகிப் போச்சுங்க."

இப்படி ஒரு காட்சியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருக்கலாம். குதிரைக்காரர் பொல்லாதவர் அல்ல. அந்தக் குதிரைதான் அவர் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது. கடையில் கிடைத்த கடிவாளத்தை வாங்கினார், மாட்டினார். குஞ்சம் எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

நாம் புதுச் செருப்பு வாங்குகிறோம். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்றால் கடைக்காரர், "போகப் போகப் பழகிடும்மா" என்கிறார். இரண்டு நாள் கடிக்கிறது. மூன்றாம் நாள் அதை மூலையில் தள்ளிவிட்டுப் பழைய செருப்பை மாட்டிக்கொள்கிறோம். குதிரைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மாட்டியவர் கழற்றினால்தான் உண்டு. குதிரை கடித்துக்கொண்டிருக்கிறது என்று நாம் நினைக்கிற கடிவாளம், பொருத்தம் தவறினால், குதிரையைக் கடித்துக்கொண்டிருக்கும்.

"நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். பெரிய ஊர்களில் இன்று குழந்தைகள் குதிரையேற்றம் பழகுகிறார்கள். பெண் குழந்தைகளும் ஆசையோடு போகிறார்கள். மலை வாசஸ்தலம், கடற்கரை, மாப்பிள்ளை ஊர்வலம் என்று குதிரையின் பக்கத்தில் நாம் போய் நிற்கிற சந்தர்ப்பங்கள் பல. வாய் வலிக்கிற குதிரை தலையை உதறும், திமிறும், சில சமயம் பிய்த்துக்கொண்டு ஓடும். அதன் முதுகில் இருப்பது நம் வீட்டுக் குழந்தை. ஆகவே இது குதிரையின் விஷயம் மட்டும் அல்ல; நம் விஷயமும்தான்.

குதிரை வாய்க்குள் ஓர் இடைவெளி

குதிரையின் வாய்க்குள் இயற்கை ஒரு விசித்திரம் செய்து வைத்திருக்கிறது. முன்னால் புல்லைக் கத்தரிக்கும் பற்கள். பின்னால் அரைக்கும் கடைவாய்ப் பற்கள். இரண்டுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி. ஆண் குதிரைக்கு அந்த இடத்தில் சிறிய கோரைப் பல் முளைத்திருக்கும். பெண் குதிரைக்குப் பெரும்பாலும் அதுவும் இராது. இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட மனிதன், அங்கே ஒரு கம்பியைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் வாரைக் கட்டி, குதிரையைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பக் கற்றுக்கொண்டான்.

பல் இல்லை என்பதால் அங்கே வலி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இடத்தில் தாடை எலும்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதற்கு மேலே மெல்லிய ஈறு போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான் பாதுகாப்பு. நம் கணுக்காலின் முன் எலும்பை நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்திலேயே வாய் நிறைய நாக்கு. கம்பி உட்காருவது நாக்கின் மேலும் அந்த ஈறின் மேலும்.

இன்னொரு விஷயம்: குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மூச்சு முட்டினால் நாம் வாயைத் திறந்து சமாளிப்போம். குதிரைக்கு அந்த மாற்று வழி கிடையாது. ஆகையால் மூக்கின் மேல் வரும் வார் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கம் என்பது மிக முக்கியம்.

எத்தனை வார், எத்தனை வேலை!

கடிவாளம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அது ஏழு உருப்படி. இவற்றுக்கெல்லாம் நம் வீட்டுப் பேச்சில் தனிப் பெயர் இல்லாததால், இருக்கும் இடத்தைக் கொண்டே பெயர் வைத்துக்கொள்வோம். காதுக்குப் பின்னால் உச்சியில் போவது உச்சிவார். நெற்றியில் குறுக்கே வருவது நெற்றிவார். கன்னத்தின் வழியாக இறங்குவது கன்னவார். தொண்டையைச் சுற்றி வருவது தொண்டைவார். மூக்கைச் சுற்றி வருவது மூக்குவார். வாய்க்குள் இருப்பது வாய்க்கம்பி. ஏறுகிறவர் கையில் இருப்பது பிடிவார்.

ரவிக்கை தைக்கும்போது தோள், கை, மார்பு என்று தனித்தனியே அளவு கொடுக்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான் இதுவும். கடைகளில் போனி, காப், ஃபுல், எக்ஸ்ட்ரா ஃபுல் என்று நாலு அளவு சொல்வார்கள். ஆனால் எல்லா உருப்படியும் ஒரே அளவில் பொருந்தும் குதிரை குறைவு. அரபுக் குதிரைக்கு நெற்றி அகலம். முகவாய் சிறுத்துக் குவிந்திருக்கும். அதற்கு நெற்றிவார் ஒரு அளவிலும் மூக்குவார் அதைவிடச் சிறிய அளவிலும் வேண்டியிருக்கும். நம் ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரைக்கோ காதுகளே தனி அழகு. உள்பக்கமாக வளைந்து நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். அந்தக் காதின் அடி வேரில் வார் அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அளவு எடுப்பதற்குத் தையல் டேப் ஒன்று போதும். ஒரு வாயோரத்தில் தொடங்கி, கன்னம் வழியாக உச்சிக்கு ஏறி, காதுகளுக்குப் பின்னால் தாண்டி, மறு வாயோரம் வரை ஓர் அளவு. ஒரு காதின் பின்புறத்திலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்புறம் வரை ஓர் அளவு. கன்ன எலும்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே மூக்கைச் சுற்றி ஓர் அளவு. காதுக்குப் பின்னாலிருந்து தொண்டையைச் சுற்றி ஓர் அளவு. வாய்க்கம்பிக்கு மட்டும் டேப் சரிப்படாது. ஒரு நூல் கயிற்றை வாயின் குறுக்கே, கம்பி இருக்கும் இடத்தில் வைத்து, இரண்டு உதட்டோரத்திலும் மையால் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவோடு பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டினால் கம்பியின் நீளம் கிடைத்துவிடும். அதைவிடக் குறைந்தால் வளையம் உதட்டைக் கிள்ளும். அதிகமானால் கம்பி இப்படியும் அப்படியும் ஓடி உரசும்.

மாட்டிப் பார்ப்பது எப்படி?

கடிவாளத்தை மாட்டியதும் தூரத்தில் நின்று அழகு பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னால் கிட்டப் போய்க் கையால் பார்க்க வேண்டும்.

முதலில் நெற்றிவார். இது குட்டையாக இருந்தால் உச்சிவாரை முன்னால் இழுத்துக் காதின் வேரில் அழுத்தும். நாள் முழுக்க இறுக்கமான மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டவர்களுக்குக் காதுக்குப் பின்னால் எப்படி வலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். குதிரை தலையை உதறிக்கொண்டே இருந்தால், "கெட்ட குணம்" என்று சொல்வதற்கு முன்னால் இந்த வாரைப் பார்த்துவிட வேண்டும். அதன் அடியில் ஒரு விரல் தாராளமாகப் போய் வர வேண்டும்.

அடுத்தது தொண்டைவார். குதிரையின் தலையிலிருந்து கடிவாளம் கழன்று விழாமல் இருப்பதற்குத்தான் அது. இறுக்கிக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. நாலு விரலையும் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை தலையைக் குனிக்கும்போது தொண்டை நெரியும்.

கன்னவார்கள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று நேரே நின்று பார்க்க வேண்டும். பக்கிள் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து உரசக் கூடாது. இந்த வாரின் நீளம்தான் வாய்க்கம்பி எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேலே இழுத்துக் கட்டினால் வாயோரம் கிழியும். தொங்கவிட்டால் கம்பி பல்லில் இடிக்கும். வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழ வேண்டும் என்பது பழைய கணக்கு. உதடு தடித்த குதிரைக்கும் மெலிந்த குதிரைக்கும் அந்தக் கணக்கு ஒன்றாக இராது. உதட்டோரத்தைத் தொட்டும் தொடாமலும், இழுக்காமல் இருந்தால் சரி.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுப் போர்வீரர் ஸெனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கம்பியை வாயோடு மிகவும் இறுக்கினால் வாய் காய்த்து உணர்ச்சியற்றுப் போகும் என்றும், மிகவும் தாழ்த்தினால் குதிரை அதைப் பல்லால் பற்றிக்கொண்டு சொன்னபடி கேட்காது என்றும் அதில் எச்சரித்திருக்கிறார். "பழகிப் போச்சு" என்று ஏரிக்கரையில் கேட்டோமே, அதற்கு அர்த்தம் இதுதான். வலி பழகுவதில்லை, வாய் மரத்துப் போகிறது. மரத்த வாய்க்கு இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. பலமாக இழுத்தால் இன்னும் மரத்துப் போகிறது.

கம்பியில் எந்தக் கம்பி நல்லது என்று கேட்டால், எல்லாக் குதிரைக்கும் ஒரே பதில் இல்லை. தடித்த கம்பி மெத்தென்று இருக்கும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். வாயை நாக்கே நிறைத்துக்கொண்டிருக்கும்போது தடித்த கம்பிக்கு இடம் ஏது? சின்ன வாய்க்கு அது பாரம். நடுவில் ஒரே மூட்டு உள்ள கம்பி, பலமாக இழுத்தால் பாக்குவெட்டி போல் மடங்கி நாக்கை நெருக்கும். பக்கவாட்டில் நீண்ட தண்டு உள்ள கம்பி நெம்புகோல் மாதிரி. கையில் கொஞ்சம் இழுத்தால் வாயில் பல மடங்காக அழுத்தும். பழக்கமில்லாத கைக்கு அது ஆகவே ஆகாது. வாய்க்கம்பியே இல்லாத கடிவாளமும் உண்டு. ஆனால் அதில் அழுத்தம் முழுவதும் மூக்கின் மேல் போகும். அளவு தவறினால் அதுவும் வலிதான்.

தோல் வார் வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வேண்டாம். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் வேண்டாம். தையல் ஒன்று விட்டிருந்தாலும் ஒருநாள் பாதி வழியில் அறுந்துவிடும். நம் தேசத்தில் கான்பூர் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே தைக்கும் சேணமும் கடிவாளமும் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. புவிசார் குறியீடும் பெற்றிருக்கின்றன. விலை உயர்ந்ததுதான் பொருந்தும் என்பதில்லை. சுத்தமாகத் துடைத்து, அளவாகப் பூட்டிய சாதாரண வார், அளவு தவறிய ஆடம்பர வாரைவிட எவ்வளவோ மேல்.

இன்னும் ஒன்று. மலையில் குளிர்காலக் காலைகளில் இரும்புக் கம்பி பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கும். பொறுப்புள்ள குதிரைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிய பிறகுதான் குதிரையின் வாயில் வைப்பார். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டும் முன்பு புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோமே, அந்த மாதிரி!

இரண்டு விரல் கணக்கு

மூக்குவாரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அதிகத் தவறு நடப்பது அதில்தான்.

மூக்கின் நடு எலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இது குதிரையேற்றம் கற்றுத் தருகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கன்னத்துப் பக்கம் நுழைத்துப் பார்த்தால் பிரயோசனமில்லை. அங்கே சதை இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் விரல் போகும். எலும்பின் மேல்தான் பார்க்க வேண்டும். வார் மிகவும் கீழே இறங்கினால், மூக்கெலும்பு மெலிந்து முடிகிற இடத்தில் அழுத்தி மூச்சைத் தடுக்கும்.

கணக்கு எல்லோருக்கும் தெரியும், கடைப்பிடிக்கிறார்களா? அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் பந்தயங்களுக்கு வந்த 750 குதிரைகளின் மூக்குவாரை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 44 சதவீதக் குதிரைகளுக்கு ஒரு விரல்கூட நுழைய இடமில்லை. இரண்டு விரல் இடம் இருந்தது 7 சதவீதத்துக்குத்தான்! வசதியும் படிப்பும் உள்ளவர்கள் வைத்திருக்கும் குதிரைகளின் கதி இது. ஏரிக்கரைக் குதிரைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமா?

ஏன் இறுக்குகிறார்கள்? குதிரை வாயைத் திறந்தால் பந்தயத்தில் மதிப்பெண் குறையும். வாயைத் திறப்பதே வலியால் என்று நினைக்காமல், திறக்க முடியாதபடி கட்டிவிடுகிறார்கள். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, "பாருங்கள், அழுகை நின்றுவிட்டது" என்று சொல்வது போல!

"இரண்டு விரல் என்றால் யாருடைய விரல்? பயில்வான் விரலா, பாப்பா விரலா?" என்று ஒரு கேள்வி எழும். அந்தத் தகராறுக்கு இடமில்லாமல், சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2025-ல் பந்தயங்களுக்கென்று ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. மூக்கெலும்பின் மேல் வாருக்கு அடியில் அது நுழைந்தால்தான் குதிரைக்கு அனுமதி.

நடக்க முடியாத பெண் எழுதிய புத்தகம்

பார்வைக்காகக் குதிரையை இறுக்குவது நம் காலத்தில் வந்த வழக்கம் அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரத்துச் சீமாட்டிகளிடையே ஒரு நாகரிகம் பரவியிருந்தது. தங்கள் சாரட்டை இழுக்கும் குதிரைகள் தலையை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும்! அதற்காக வாய்க்கம்பியிலிருந்து முதுகுப் பட்டைக்கு ஒரு தனி வாரை இழுத்துக் கட்டிவிடுவார்கள். குதிரையால் தலையைத் தாழ்த்தவே முடியாது. மேட்டில் பாரம் இழுக்கும்போது தலையைத் தாழ்த்தினால்தான் உடல் பலம் முழுவதும் பயன்படும். அது முடியாமல் கழுத்தும் முதுகும் நொந்து, மூச்சு வாங்கி, வாயில் நுரையும் ரத்தமுமாக அவை ஓடும். சாரட்டின் உள்ளே இருந்த சீமாட்டிகள், "ஆஹா, எவ்வளவு கம்பீரம்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த இங்கிலாந்தில் 1820-ல் பிறந்தவர் அன்னா சிவெல். பதினாலு வயதில் வழுக்கி விழுந்து கணுக்காலில் அடிபட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போக வேண்டுமானாலும் குதிரை வண்டிதான் அவருக்குக் கால். வண்டியை அவரே ஓட்டுவார். தன்னைச் சுமந்து செல்லும் பிராணிகள் படும் பாட்டை மற்றவர்கள் பார்க்காத அளவுக்கு அவர் கிட்டத்தில் பார்த்தார்.

ஐம்பது வயதுக்கு மேல், நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபடி, ஒரு குதிரையே தன் கதையைச் சொல்வது போல் ஒரு புத்தகம் எழுதினார். எழுத முடிந்தபோது சிறு துண்டுக் காகிதங்களில் எழுதுவார்; முடியாதபோது சொல்லுவார். அவருடைய தாயார் அவற்றை வாங்கி அழகாகப் பிரதி எடுப்பார். 'பிளாக் பியூட்டி' என்ற அந்தப் புத்தகம் 1877 நவம்பரில் வெளிவந்தது. தலையை நிமிர்த்திக் கட்டும் அந்த வாரின் கொடுமையை, ஜிஞ்சர் என்ற பெண் குதிரையின் வாயிலாக அதில் சொல்லியிருக்கிறார். குதிரை பேசினால் என்ன சொல்லும் என்று படித்தவர்கள் முதல் தடவையாக யோசித்தார்கள். அந்த நாகரிகம் மெல்ல மெல்ல வழக்கொழிந்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

புத்தகம் வெளிவந்து ஐந்தாவது மாதம், 1878 ஏப்ரலில், அன்னா காலமானார். சவ ஊர்வலத்துக்கு வண்டிகள் வந்து நின்றன. மகளைப் பறிகொடுத்த அந்தத் தாயார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குதிரைகளின் தலைகள் அதே வாரால் நிமிர்த்திக் கட்டப்பட்டிருந்தன! அந்தத் துக்கத்திலும் வெளியே ஆள் அனுப்பி, அத்தனை வார்களையும் அவிழ்க்கச் செய்த பிறகே ஊர்வலம் புறப்பட்டது என்று சொல்வார்கள். மகளுக்கு ஒரு தாய் செய்த கடைசி மரியாதை அது.

சென்னைப் பெண்மணி ஒருவர்

அங்கே ஓர் அன்னா என்றால், இங்கே ஒரு ருக்மிணி தேவி. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வாயில்லா ஜீவன்களுக்காக அவர் செய்ததைப் பலர் அறிய மாட்டார்கள். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட அவர், பிராணிகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே அப்படி ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1962-ல் பிராணிகள் நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது, அவரே அதன் முதல் தலைவரானார்.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த விதிகளில் ஒன்று நம் கடிவாளத்தைப் பற்றியது. முள் வைத்த வாய்க்கம்பி, முள்ளோ முடிச்சோ துருத்திக்கொண்டிருக்கும் சேண வகைகள், காயமும் வீக்கமும் உண்டாக்கும் கூரான சாமான்கள் எதையும் பிராணிகளை ஓட்டவோ அடக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது அந்த விதி. முள் கம்பியா என்று திகைக்காதீர்கள். வட இந்தியாவில் கல்யாண ஊர்வலக் குதிரை, வண்டிக் குதிரை ஆகியவற்றின் வாயில் அந்தக் கம்பியை இன்றும் காண முடிகிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதைக் கண்ணில் கொண்டு பார்ப்பது நம்மைப் போன்றவர்கள் வேலை.

ஏறுமுன் ஒரு நிமிஷம்

குழந்தையைக் குதிரை மேல் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் செலவிடுங்கள். பக்கவாட்டில் நின்று, குதிரைக்காரரிடம் சொல்லிக்கொண்டு பாருங்கள்.

வாயோரத்தில் புண் அல்லது தழும்பு இருக்கிறதா? மூக்கின் மேலும் காதுக்குப் பின்னாலும், மற்ற இடமெல்லாம் பழுப்பாக இருக்க அங்கே மட்டும் வெள்ளை மயிர் பட்டையாக முளைத்திருக்கிறதா? வார் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில் அப்படித்தான் வெள்ளையாக முளைக்கும். நின்றுகொண்டிருக்கும்போதே நாக்கை வெளியே தள்ளுகிறதா, பல்லைக் கடிக்கிறதா, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதா? கடிவாளத்தைக் கண்டதும் தலையைத் தூக்கி விலகுகிறதா? இவற்றில் ஏதேனும் இருந்தால் அந்தக் குதிரையில் குழந்தையை ஏற்ற வேண்டாம்.

எல்லாப் பழியையும் கடிவாளத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. குதிரைக்குப் பல்வலியும் வரும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் குத்தும். எவ்வளவு நல்ல கடிவாளம் மாட்டினாலும் அப்போது வலிக்கத்தான் செய்யும். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பல்லை ராவிவிட வேண்டும்.

கடைசியாகக் குழந்தைக்கு ஒரு வார்த்தை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தைகள் பிடிவாரைப் பிடித்துத் தொங்குவார்கள். மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. "பயமாக இருந்தால் சேணத்தைப் பிடித்துக்கொள், கண்ணு. வாரைப் பிடித்து இழுக்காதே, அதற்கு வாய் வலிக்கும்" என்று சொல்லிவையுங்கள். பொருத்தமான கடிவாளத்தையும் பொல்லாத கடிவாளமாக்கக் கைக்கு முடியும்.

மறுபடியும் ஏரிக்கரைக்கு வருவோம். அந்த அம்மாள் இப்போது என்ன சொல்லலாம்?

"அண்ணே, இதுக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க. புண்ணு ஆறட்டும். பக்கத்திலே நிக்குதே உங்க இன்னொரு குதிரை, அதிலே பையனை ஏத்துங்க. அதுக்கும் மூக்கு வாரை ஒரு ஓட்டை தளர்த்திவிட்டுடுங்க."

குதிரைக்காரருக்கு நஷ்டம் இல்லை; சின்னவனுக்கு ஏமாற்றம் இல்லை. வார் தளர்ந்ததும் அந்தக் குதிரை என்ன செய்யும் தெரியுமா? தலையைத் தாழ்த்தும், நாக்கால் உதட்டை ஒரு தடவை நக்கிக்கொள்ளும், நீளமாக ஒரு மூச்சு விடும்.

"பழகிப் போச்சு" என்ற வார்த்தையைக் குதிரை ஒருநாளும் சொன்னதில்லை. அதற்காக நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பொருந்தாததைப் பொறுத்துக்கொள், போகப் போகப் பழகிவிடும் என்ற பேச்சை நம் காதுகளும் கேட்டிருக்கின்றன அல்லவா? அதனால்தான் குஞ்சத்தைப் பார்க்காமல் புண்ணைப் பார்க்க நமக்குத் தெரிகிறது. பார்த்த பிறகு சும்மா இருக்க வேண்டாம். இரண்டு விரல் நுழைகிறதா என்று கேளுங்கள்.